64 ஜிபி பென்டிரைவில் நிஜமாகவே 64 ஜிபி இருக்கிறதா? சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டரில் செருகினால் எல்லா ஃபைலும் வரிசையாகத் தெரிகிறது, அளவுகூடச் சரியாக இருக்கிறது. முதல் நாலைந்து வீடியோ நன்றாக ஓடுகிறது. அதற்கு அடுத்ததைத் தொட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒருவர் வைரஸ் என்பார், இன்னொருவர் பிளேயரை மாற்றிப் பார் என்பார். பல நேரங்களில் காரணம் இரண்டும் இல்லை. டிரைவின் மேல் 64 ஜிபி என்று அச்சடித்திருக்கிறது, உள்ளே இருப்பதோ 8 ஜிபி.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை, இலவச மென்பொருளே போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டிரைவைச் சந்தேகிக்க ஒரே ஒரு பிழை போதும். அசல் என்று சொல்ல வேண்டுமானால், கடைசி மூலை வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தாக வேண்டும். பாதியில் நிறுத்திய சோதனையை வைத்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்ல முடியாது. கீழே வரும் எல்லா வழிகளையும் இந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும்.

ஏமாற்று வேலை எங்கே நடக்கிறது

பென்டிரைவுக்குள் முக்கியமாக இரண்டு சிப்கள். ஒன்று தரவைச் சேமிக்கும் ஃப்ளாஷ் மெமரி, மற்றொன்று கன்ட்ரோலர். கம்ப்யூட்டர் மெமரியோடு நேரடியாகப் பேசுவதே இல்லை. 'உன்னிடம் எவ்வளவு இடம்?' என்று கன்ட்ரோலரைக் கேட்கிறது, அது சொல்லும் எண்ணை அப்படியே நம்புகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ், கார் ஸ்டீரியோ, டிவி எல்லாமே இப்படித்தான்.

அந்த எண்ணைக் கன்ட்ரோலருக்குள் பதிக்க மாஸ் புரொடக்ஷன் டூல் என்ற மென்பொருள் உண்டு. அது தப்பான பொருள் அல்ல. ஒரே கன்ட்ரோலரை 8 ஜிபி மெமரியோடும் பொருத்தலாம், 128 ஜிபியோடும் பொருத்தலாம். எது பொருத்தப்பட்டிருக்கிறது, அதில் எந்தெந்தப் பகுதி (பிளாக்) கெட்டுப்போயிருக்கிறது என்று தொழிற்சாலையில் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மென்பொருள்கள் இணையத்திலும் சுற்றுகின்றன. போலி செய்பவர் அதே கருவியில் 8க்குப் பதில் 64 என்று பதித்துவிடுகிறார். மெமரி கார்டிலும் கதை இதுதான்.

சரி, 8 ஜிபி நிரம்பிய பிறகு வரும் தரவு எங்கே போகிறது? இரண்டு விதம் உண்டு. முதல் விதத்தில் எழுத்து மீண்டும் தொடக்கத்துக்கே வந்துவிடும். எட்டே அறை உள்ள லாட்ஜில் அறுபத்து நான்கு சாவி தொங்கவிட்டது போல: ஒன்பதாவது ஆளையும் முதல் அறைக்கே அனுப்பி, அங்கே ஏற்கெனவே இருப்பவரின் மூட்டையைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். இரண்டாவது விதத்தில் கன்ட்ரோலர் 'எழுதிவிட்டேன்' என்று பதில் சொல்லிவிட்டுத் தரவை எங்கேயும் வைக்காமல் விட்டுவிடும்.

இரண்டிலும் விண்டோஸ் எந்தப் பிழையும் காட்டாது. காப்பி செய்யும்போது எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஃபைல்களின் பெயரும் அளவும் இருக்கும் அட்டவணை பெரும்பாலும் டிரைவின் தொடக்கப் பகுதியில், அதாவது நிஜமான மெமரியில் இருக்கிறது. அதனால்தான் பெயர் தெரிகிறது, உள்ளடக்கம் இல்லை. முதல் வகை டிரைவில் ஒருநாள் அந்த அட்டவணையின் மேலேயே எழுத்து விழும். அப்போது ஃபோல்டரைத் திறந்தால் கட்டம் கட்டமாகப் புரியாத பெயர்கள் வரும், அல்லது 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும். என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான் மோசம். மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும்.

ப்ராப்பர்ட்டீஸ் பார்ப்பது, குவிக் ஃபார்மட் செய்வது, ஒரு சினிமாவைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது, இதெல்லாம் சோதனையே அல்ல. முதல் இரண்டும் கன்ட்ரோலர் சொன்ன பொய்யையே உங்களிடம் திருப்பிச் சொல்கின்றன. மூன்றாவது, இருக்கிற 8 ஜிபிக்குள்ளேயே முடிந்துவிடும்.

செருகும் முன்பே தெரிவது

பெயர் தெரிந்த நிறுவனத்தின் 64 ஜிபி டிரைவ் விற்கும் விலைக்கு ஒருவர் 2 டிபி (அதாவது 2000 ஜிபி) தருகிறார் என்றால் சோதிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடலாம். 2 டிபி பென்டிரைவ் என்பது இல்லாத பொருள் அல்ல. கிங்ஸ்டன் 2017லேயே டேட்டாடிராவலர் அல்டிமேட் ஜிடி என்று ஒன்றை அறிவித்தது. ஆனால் அது தடித்த உலோக உடம்பு கொண்ட, விலை எக்கச்சக்கமான பொருள். '16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி' என்று இணையத்தில் சல்லிசாக விற்கும் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது, ஒரு கார்டு ரீடர் பலகையும், சூடான பசை வைத்து ஒட்டிய மைக்ரோ எஸ்டி கார்டும்தான்.

ஒரு வீண் பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 64 ஜிபி டிரைவை விண்டோஸ் 59 சொச்சம் என்று காட்டினால் அது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்கிறது. அந்தக் கணக்கில் 32 என்பது 29.8 ஆகவும், 128 என்பது 119.2 ஆகவும், 1 டிபி என்பது 931 ஜிபி ஆகவும் தெரியும். நிறுவனத்தைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் குறையலாம். விண்டோஸில் '64' என்று முழுசாகக் காட்டும் 64 ஜிபி டிரைவ்தான் சந்தேகத்துக்குரியது.

அட்டைப் பெட்டி அச்சு, லோகோ, எடை ஆகியவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் முயல்வதில்லை. போலி செய்பவர்கள் அட்டையை நன்றாகவே அச்சடிக்கிறார்கள்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

டிரைவில் ஏதாவது இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். காலியிடத்தில் மட்டும் எழுதும் மென்பொருளாக இருந்தாலும், போலி டிரைவில் அந்த எழுத்து பழைய ஃபைல்களின் மேல்தான் போய் விழும்.

மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்க யுஎஸ்பி துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளை, ஹப், நீட்டிப்பு ஒயர் வேண்டாம். தளர்ந்த இணைப்பு நல்ல டிரைவையும் கெட்டதாகக் காட்டிவிடும். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைச் செருகி, ஸ்லீப் போகாதபடி அமைத்து வையுங்கள். மெமரி கார்டைச் சோதிக்கிறீர்கள் என்றால் ரீடரையும் கவனியுங்கள். 32 ஜிபி வரைக்கும் மட்டுமே தாங்கும் பழைய ரீடரில் 64 ஜிபி கார்டைப் போட்டால் பிழை வருவது கார்டின் குற்றம் இல்லை.

திருப்பித் தரும் கெடு எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டு, முடிந்தால் வாங்கிய அன்றே ஆரம்பித்துவிடுங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 டிரைவ் நொடிக்கு 8 எம்பி எழுதினால் 64 ஜிபி நிரம்ப இரண்டே கால் மணி நேரம். படிப்பது வேகமாக நடக்கும், இன்னொரு முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். 2 டிபி என்றால் நொடிக்கு 10 எம்பி வேகத்திலும் எழுத மட்டும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

அவசரத்துக்கு: வேலிடிரைவ்

அவ்வளவு நேரம் இல்லாதபோது விண்டோஸில் வேலிடிரைவ் உதவும். அமெரிக்காவின் ஸ்டீவ் கிப்சன் 2023இல் வெளியிட்ட சின்ன மென்பொருள் இது, இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. டிரைவை எடுத்து வைத்துவிட்டு மென்பொருளைத் திறந்தால், இப்போது செருகு என்று அதுவே கேட்கும். வேறு டிரைவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நல்ல யோசனை.

டிரைவின் நீளம் முழுவதும் சம இடைவெளியில் 576 இடங்களைத் தொட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு இடத்திலும் இருப்பதைப் படித்து வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றை எழுதி, அது நின்றதா என்று பார்த்துவிட்டு, பழையதைத் திரும்ப வைக்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். கட்டங்கள் பச்சையாக நிரம்பிக்கொண்டே வந்து, ஓர் இடத்துக்குப் பிறகு சிவப்பாக மாறிவிட்டால் தீர்ப்பு வந்துவிட்டது. கிப்சன் ஒரு பெரிய இணையக் கடையில் 1 டிபி, 2 டிபி என்று விற்ற 12 டிரைவ்களை வாங்கிச் சோதித்ததில் பன்னிரண்டும் போலி.

எல்லாம் பச்சையாக வந்தால்? கொள்ளளவில் பெரிய மோசடி இல்லை என்று நம்பலாம். 576 புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் கெட்ட பகுதிகள் இதில் தெரியாது. அதற்கு அடுத்த சோதனைதான் வழி.

முழுச் சோதனை: எச்2டெஸ்ட்டபிள்யூ

இந்த மென்பொருள் ஜெர்மனியின் ஹைசே நிறுவனம் நடத்தும் சி'டி (c't) என்ற கம்ப்யூட்டர் இதழில் இருந்த ஹரால்ட் போகெஹோல்ட்ஸ் எழுதியது. 1.4 என்ற பதிப்பு 2008இல் வந்தது, இன்றைக்கும் அதையேதான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். தேடும்போது எச், 2, டெஸ்ட், டபிள்யூ நான்கையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடியுங்கள். இதற்கென்று போலி டவுன்லோடு பக்கங்களும் உண்டு, ஆகவே ஹைசேவின் தளத்திலிருந்தே எடுப்பது நல்லது. போலி டிரைவைப் பிடிக்கப் போய் வைரஸை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

1. ஜிப்பைப் பிரித்து மென்பொருளைத் திறங்கள். திரை ஜெர்மனில் வரும், பயப்பட வேண்டாம். மேலே இங்கிலீஷ் என்று ஒரு வட்டம் இருக்கிறது, அதைத் தொடுங்கள்.

2. 'செலக்ட் டார்கெட்' பொத்தானை அழுத்தி உங்கள் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தை மறுபடி பாருங்கள்: டி டிரைவா, இ டிரைவா? தப்பித்தவறி ஹார்டு டிஸ்க்கைக் காட்டிவிட்டால் அது முழுவதும் சோதனை ஃபைல் நிரம்பும்.

3. 'ஆல் அவெய்லபிள் ஸ்பேஸ்' தேர்வில் இருக்கட்டும். பக்கத்தில் 'எண்ட்லெஸ் வெரிஃபை' என்று ஒரு கட்டம் உண்டு, அதைத் தொட வேண்டாம். தொட்டால் நீங்கள் நிறுத்தும்வரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கும்.

4. 'ரைட் பிளஸ் வெரிஃபை' அழுத்துங்கள். மொத்த இடத்தைவிடச் சில எம்பி குறைவாகத்தான் சோதிக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வரலாம். அந்த இடம் ஃபைல் அட்டவணைக்குப் போனது, சரி என்று சொல்லிவிட்டு விடுங்கள்.

அப்புறம் வேலை தானாக நடக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் 1, 2, 3 என்று எண் பெயரோடு ஃபைல்கள் உருவாகும். அவற்றுக்குள் ஒவ்வொரு செக்டாருக்கும் (டிரைவின் சின்னஞ்சிறு சேமிப்புப் பகுதிக்கும்) வேறு வேறு தரவு எழுதப்படுகிறது, சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. வெறும் பூஜ்யத்தால் நிரப்பியிருந்தால், முதல் இடத்தில் எழுதியதும் ஐம்பதாவது இடத்தில் எழுதியதும் ஒன்றுபோல் இருந்து, போலி டிரைவ் தப்பித்துவிடும்.

எழுதும் கட்டத்தில் டிரைவ் எவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டாலும் நம்பாதீர்கள். 64 ஜிபியும் ஒரு பிழை இல்லாமல் எழுதி முடிக்கும். படிக்கும் கட்டத்தில்தான் சாயம் வெளுக்கும்.

வந்த முடிவை எப்படிப் படிப்பது

திரை பச்சையாகி 'டெஸ்ட் ஃபினிஷ்ட் விதவுட் எரர்ஸ்' என்று வந்தால் டிரைவ் சொன்ன இடம் உண்மை. அதே இடத்தில் எழுதும் வேகமும் படிக்கும் வேகமும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 3.0 என்று சொல்லி விற்ற டிரைவ், கம்ப்யூட்டரின் 3.0 துளையில் செருகியும் நொடிக்கு 30 எம்பிக்குப் பக்கத்திலேயே படிக்கிறது என்றால் கொள்ளளவு உண்மை, வேகம் பொய்.

சிவப்பாகி 'த மீடியா இஸ் லைக்லி டு பி டிஃபெக்டிவ்' என்று வந்தால் கீழே உள்ள வரிகளை நிதானமாகப் படியுங்கள். முதல் வரி எத்தனை ஜிபி ஓகே என்று சொல்லும், அடுத்தது எத்தனை ஜிபி தொலைந்தது என்று. 7 சொச்சம் ஓகே, 51 சொச்சம் தொலைந்தது என்று இருந்தால் அது 8 ஜிபி சிப். 14 சொச்சம் என்றால் 16. ஓகே பகுதி இப்படி ஒரு வழக்கமான அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றால், அது வேண்டுமென்றே செய்த போலி.

அதற்குக் கீழே தொலைந்த தரவை வகை பிரித்திருக்கும். 'ஓவர்ரிட்டன்' பகுதியில் பெரிய எண் இருந்தால், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்திருக்கிறது, அதாவது லாட்ஜ் சாவி வகை. 'கரப்டட்' பகுதியில் இருந்தால், படித்தபோது கிடைத்தது வெறும் குப்பை. 'ஸ்லைட்லி சேஞ்ச்ட்' என்றால் ஒரு செக்டாரில் 8 பிட்டுக்கும் குறைவாக மாறியிருக்கிறது. இது கொள்ளளவு மோசடியின் அடையாளம் அல்ல, மட்டமான அல்லது தேய்ந்துபோன மெமரியின் அடையாளம். டிரைவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எம்பி மட்டும் இப்படி இருந்தால், வேறு துளையில் செருகி இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் டிரைவ் அசலோ போலியோ, முக்கியமானதை வைக்க லாயக்கில்லை.

முடிவு எதுவானாலும் முடிவுப் பலகையில் உள்ள நகல் பொத்தானை அழுத்தி, நோட்பேடில் ஒட்டிச் சேமித்துவிடுங்கள். திரையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை வந்தவர்கள் டிரைவைப் பாதுகாப்பாக எடுத்து, மறுபடி செருகி, 'வெரிஃபை' மட்டும் ஒரு தடவை ஓட்டலாம். மின்சாரம் போய்த் திரும்பிய பிறகும் தரவு நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். கடைசியில் சோதனை ஃபைல்களை அழித்துவிடுங்கள்.

விற்றவரிடம் காட்டுவதற்காக மட்டும் சோதிக்கிறீர்கள் என்றால் 2 டிபி முழுவதையும் எழுதத் தேவையில்லை. 'ஒன்லி' என்ற இடத்தில் 70000 எம்பி என்று கொடுத்து ஓட்டுங்கள். பெரும்பாலான போலிகள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை என்றால் அசல் என்று அர்த்தம் இல்லை, இன்னும் எழுத வேண்டும் என்று அர்த்தம்.

மேக், லினக்ஸ், ஆபீஸ் கம்ப்யூட்டர், போன்

மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற மென்பொருள் இருக்கிறது. மிஷேல் மச்சாடோ எழுதியது, பெயரின் விரிவு ஃபைட் ஃப்ளாஷ் ஃபிராடு. உபுண்டு, டெபியனில் எஃப்3 என்ற பெயரிலேயே பேக்கேஜ் உண்டு, மேக்கில் ஹோம்புரூ என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவலாம். கட்டளை அடிக்கும் டெர்மினலில் எஃப்3ரைட் என்று அடித்து, டிரைவ் திறந்திருக்கும் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் 1 ஜிபி ஃபைல்களாக எழுதும். முடிந்ததும் அதே பாதையோடு எஃப்3ரீட். முடிவில் வரும் 'டேட்டா லாஸ்ட்' வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும்.

லினக்ஸில் மட்டும் ஓடும் எஃப்3புரோப் என்ற உறுப்பினரும் உண்டு. நிமிடங்களில் நிஜக் கொள்ளளவைச் சொல்லி, போலி எந்த வகை என்றும் பெயர் சொல்லிவிடும். ஆனால் அது ஃபைல் பாதையைக் கேட்காது, டிவைஸின் பெயரைக் கேட்கும், ரூட் (நிர்வாகி) உரிமையும் வேண்டும். ஒரு எழுத்து தவறிச் சொந்த ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டால் பாதிப்பு பெரிது. டிரைவைச் செருகும் முன்பும் பின்பும் டிஸ்க் பட்டியலைப் பார்த்து, புதிதாக வந்தது எது என்று உறுதி செய்துகொண்டு அடியுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெளி மென்பொருள் ஓடாது, ஆனால் ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் 7ஜிப் இருக்கிறது என்றால் அதை வைத்தே சமாளிக்கலாம். வெவ்வேறு பெரிய ஃபோல்டர்களை ஆர்க்கைவாக்கி டிரைவ் நிரம்பும்வரை காப்பி செய்யுங்கள். ஒரே ஃபைலைப் பல பெயரில் போடுவது உதவாது. நிரம்பியதும் டிரைவை எடுத்து மறுபடி செருகுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் ரேமில் இருப்பதையே படித்து 'எல்லாம் சரி' என்று சொல்லக்கூடும். பிறகு ஒவ்வொரு ஆர்க்கைவையும் 'டெஸ்ட் ஆர்க்கைவ்' கொடுங்கள்.

போனில் கார்டின் விவரங்களை மட்டும் காட்டும் ஆப்கள் கன்ட்ரோலர் சொல்வதைத்தான் காட்டும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

போலி என்று தெரிந்த பிறகு

உள்ளே ஏற்கெனவே முக்கியமான தரவு இருந்தால், ஒன்றும் புதிதாக எழுதாமல், திறக்கிற ஃபைல்களை உடனே வேறு இடத்துக்கு எடுங்கள். திறக்காத ஃபைல்களுக்காக ரெக்கவரி கடைக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள். அவற்றின் தரவு ஒன்று அந்த டிரைவில் எழுதப்படவே இல்லை, அல்லது அதன் மேலேயே வேறு தரவு விழுந்து அழிந்துவிட்டது. இல்லாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இணையத்தில் வாங்கியிருந்தால் 'வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள், மாற்று டிரைவ் என்று இன்னொரு போலி வரும். 'கொள்ளளவு போலி, 64 ஜிபி என்று விற்றதில் 8 ஜிபிதான் இருக்கிறது' என்று எழுதி, சேமித்த முடிவையும் படத்தையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் இதில் பெரிதாக எதுவும் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திருப்பித் தர வழியே இல்லை என்றால் டிரைவை அதன் நிஜ அளவுக்குச் சுருக்கலாம். லினக்ஸில் எஃப்3ஃபிக்ஸ் அதற்கென்றே இருக்கிறது, எஃப்3புரோப் தரும் கடைசி செக்டார் எண்ணை அதற்குக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய்ப் பழைய பார்ட்டிஷனை நீக்கிவிட்டு, ஓகே என்று வந்த அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் புதிய பார்ட்டிஷன் போடலாம். 7.2 ஜிபி ஓகே என்றால் 7000 எம்பி. அதன் பிறகு அந்தச் சின்ன இடத்தில் இன்னொரு முறை முழுச் சோதனை ஓட்டுங்கள். அதிலும் தேறினால் காரில் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதை நம்ப நான் சொல்ல மாட்டேன். டிரைவின் மேல் '7 ஜிபி' என்று மார்க்கரால் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்து அச்சடித்திருக்கும் 64ஐ நம்பிப் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டால் கன்ட்ரோலர் மறுபடியும் பழைய பொய்யையே சொல்லும்.